காஷ்மீரின் முகலாயத் தோட்டங்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஷாலிமார், நிஷாத், சஷ்மே ஷாஹி, பரி மஹால் முதலான ஸ்ரீநகரின் அரச தோட்டங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரே பதிலாகச் சேர்த்திருக்கிறோம்.

மே மாதப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போகிறோம். டூலிப் மலர்களையும் முகலாயத் தோட்டங்களையும் சேர்த்துப் பார்த்துவிட முடியுமா?
– வாசகி, திருநெல்வேலி

மே மாதத்தில் டூலிப் இருக்காது. அந்தத் தோட்டம் மார்ச் கடைசியில் திறந்து, ஏப்ரல் முடிவதற்குள் மூடப்பட்டுவிடும். வெயில் சற்று ஏறினால் அதற்கும் முன்பே பூக்கள் கொட்டிவிடும். அது முகலாயர் தோட்டமும் அல்ல. 2007இல் ஜபர்வான் மலையடிவாரத்தில் திறக்கப்பட்டது. பல பயண நிறுவனங்கள் 'முகலாயத் தோட்டங்கள்' என்ற தலைப்பில் அதையும் சேர்த்துப் போடுவதால் இந்தக் குழப்பம் வருகிறது.

முகலாயத் தோட்டங்களைப் பொறுத்தவரை உங்களுக்கு வாய்த்த மாதம் நல்ல மாதம். இந்தத் தோட்டங்களுக்கு உயிர் தண்ணீர்தான், பூக்கள் இரண்டாம் பட்சம். மலையில் பனி உருகி ஓடைகள் நிரம்பி வருவது ஏப்ரலிலிருந்து ஜூன் வரை. மே நடுவிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை கால்வாய்களில் நீர் முழுதாக ஓடும், ரோஜாவும் பூத்திருக்கும். மார்ச், ஏப்ரலில் போனால் மழைக்குத் தயாராகப் போக வேண்டும். காஷ்மீருக்கு நம்மைப்போலப் பருவமழை பெரிதல்ல. மேற்கிலிருந்து வரும் மேகங்கள் குளிர்கால முடிவிலும் வசந்தத்திலும் பெய்யும் மழைதான் அங்கே முக்கியம்.

ஜூலை, ஆகஸ்டில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும். அமர்நாத் யாத்திரைக் காலமாதலால் சாலையில் வாகன அணிகளுக்காக நிறுத்திவைப்பார்கள். செப்டம்பரில் கூட்டம் குறையும், ஓடைகளில் நீரும் குறையும். அக்டோபர் கடைசி வாரம் முதல் நவம்பர் முதல் பத்து நாள் வரை சினார் மரங்கள் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, கருஞ்சிவப்பாகும். அப்போது பூ இருக்காது, ஃபவுண்டன்கள் பாதி ஓடாது. இருந்தாலும் மரம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அந்தப் பதினைந்து நாள்தான் காலம். டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரை 'சில்லே கலான்' என்பார்கள். உறையும் நீர் குழாய்களை வெடிக்கச் செய்துவிடும் என்பதால் அப்போது ஃபவுண்டன்களை நிறுத்தி நீரை வடித்துவிடுவார்கள்.

மலை உயரத்தால் மூச்சுத் திணறல் வருமா? என் மாமனாருக்கு வயது 72.
– வாசகர், ஈரோடு

ஸ்ரீநகர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,585 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஊட்டிக்குப் போய்வந்தவருக்கு ஸ்ரீநகர் தோட்டங்களில் உயரத்தால் தொல்லை வராது. அங்கே குளிர் அதிகம் என்பதற்குக் காரணம் உயரம் அல்ல, ஊர் வெகு வடக்கே இருப்பது. ஆனால் அதே பயணத்தில் குல்மார்க் கேபிள் காரில் இரண்டாம் கட்டம் ஏறினால் 3,900 மீட்டரைத் தாண்டுவீர்கள். யோசிக்க வேண்டிய இடம் அதுதான். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

உடைக்கு ஒரு வார்த்தை: மே, ஜூனில்கூடச் சூரியன் சாய்ந்ததும் தால் ஏரிக்காற்று குளிரும். கனமான ஒரு ஸ்வெட்டரைவிட, மெல்லியதாக இரண்டு அடுக்கு நல்லது. பகலில் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

எங்களிடம் அரை நாள்தான் இருக்கிறது. ஷாலிமாரா, நிஷாத்தா?
– வாசகர், தஞ்சாவூர்

ஒன்றுதான் என்றால் நிஷாத் போங்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

ஷாலிமார் அரசனின் தோட்டம். 1619இல் ஜஹாங்கீர் தன் மனைவி நூர்ஜஹானுக்காகத் தொடங்கியது. 1630 வாக்கில் ஷாஜஹான் காலத்தில் ஆளுநர் ஜஃபர் கான் மேல்பகுதியை விரிவாக்கினார். தர்பார் எப்படி அடுக்கப்பட்டதோ, அப்படியே தோட்டமும் அடுக்கப்பட்டிருக்கிறது. கீழ்த்தளம் பொதுமக்கள் அரசனைக் காணும் இடம், நடுத்தளம் பிரபுக்களுக்கு, மேல்தளம் அந்தப்புரத்துக்கு. கீழ்த்தள மண்டபத்தில் அருவிக்கு மேலே சிறிய கறுப்புச் சலவைக்கல் இருக்கை இருப்பதைத் தவறவிடாதீர்கள். நடுத்தளத்தில் இருந்த மண்டபம் இப்போது இல்லை, கல் அடித்தளம் மட்டும் நிற்கிறது. மேல்தளத்தில் நீருக்கு நடுவே ஷாஜஹான் கட்டிய கறுப்புக்கல் மண்டபம் இருக்கிறது. நான்கு பக்கமும் ஃபவுண்டன்கள், வழவழவென்று மெருகேற்றிய தூண்கள். இந்த மண்டபத்துக்காகவே ஷாலிமார் போகலாம்.

ஆனால் ஷாலிமாரின் சரிவு மெதுவானது. உள்ளே நின்றால் ஏரி தெரியாது. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாகப் படகில் வந்து இறங்கும்படி அமைத்தார்கள். இன்று நாம் சாலையிலிருந்து நேராக உள்ளே நுழைந்துவிடுவதால், அந்த முன்னுரை முழுவதும் நமக்குக் கிடைக்காமல் போகிறது.

நிஷாத் அப்படியல்ல. நூர்ஜஹானின் அண்ணனும் மும்தாஜின் தந்தையுமான ஆசஃப் கான் 1633இல் அமைத்தது. அவர் அரசன் அல்ல என்பதால் தர்பார் வரிசை தேவைப்படவில்லை. மலையின் செங்குத்தை அப்படியே எடுத்துக்கொண்டு பன்னிரண்டு படித்தளங்களாக அடுக்கினார்கள். பன்னிரண்டு ராசிகளைக் குறிப்பவை என்று சொல்வது வழக்கம். பின்னால் ஜபர்வான் மலை, முன்னால் தால் ஏரி முழுவதும். எந்தத் தளத்தில் திரும்பி நின்றாலும் தோட்டம் ஏரியில் போய் முடிவதுபோல் இருக்கும். ஏரிக்கரைச் சாலை போட்டபோது கீழ்த்தளத்தை வெட்டிப் பிரித்துவிட்டார்கள். அந்த இழப்பு பெரிது. ஆனாலும் மேலே ஏற ஏறச் சாலை கண்ணிலிருந்து மறைந்து, நீர் மட்டுமே மிஞ்சுகிறது.

மின்சாரம், மோட்டார் இல்லாத காலத்தில் ஃபவுண்டன்களை எப்படி இயக்கினார்கள்? வழிகாட்டிகள் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.
– இயற்பியல் ஆசிரியர், கரூர்

இதில் இரகசியம் எதுவும் இல்லை, கணக்குத்தான் உண்டு. நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கீழ்த்தளக் குழாயில் நீர் வேகமாக வருகிறதே, அதே தத்துவம். மேலே மலையோடையைத் தடுத்துத் தோட்டத்தின் உச்சிக்குக் கொண்டுவந்தார்கள். ஷாலிமாருக்கு ஹார்வன் ஓடை நீர் பின்புறத்திலிருந்து வருகிறது. நீர் நடுக்கால்வாயில் ஒவ்வொரு தளமாக இறங்கும்போது, மேல்தளத்து நீர்மட்டத்துக்கும் கீழ்த்தளத்து ஃபவுண்டன் வாய்க்கும் உள்ள உயர வேறுபாடே அழுத்தம் ஆகிறது. பத்து மீட்டர் உயர வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது மாணவர்களுக்கே தெரிந்த கணக்கு.

பீச்சும் நீர் தான் புறப்பட்ட மட்டத்தைத் தொடவே முடியாது. குழாய்ச் சுவரின் உராய்வு, வளைவுகள், வாயின் குறுக்கம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் விழுங்கிவிடும். மூன்று மீட்டர் உயரம் பீச்ச வேண்டுமானால் மேல்மட்டம் மூன்று மீட்டருக்குக் கணிசமாக மேலே இருக்க வேண்டும். பழைய சுட்டமண் குழாய்கள் உள்ள இடத்தில் இழப்பு இன்னும் கூடும். நிஷாத்தில் தளத்துக்குத் தளம் உயர வேறுபாடு அதிகம் என்பதால் இயற்கை அழுத்தமும் அதிகம். ஷாலிமாரின் மெதுவான சரிவில் அது குறைவு.

கெடுவது எங்கே? முதலில் வண்டல். ஓடை நீரோடு வரும் மண் குழாய் வாயில் படிந்து துளையைக் குறுக்கும். ஒரே வரிசையில் ஒரு ஃபவுண்டன் உயரமாகவும் பக்கத்தில் உள்ளது குட்டையாகவும் பீச்சினால், பெரும்பாலும் இந்த அடைப்புதான் காரணம். அடுத்தது சினார் வேர்கள். இணைப்பில் விரிசல் கண்டால் உள்ளே புகுந்துவிடும். மூன்றாவது, மேலே ஓடையையே மக்கள் குடிநீருக்கும் வயலுக்கும் பங்கிட்டுக்கொள்வதால் கோடை முடிவில் வரத்து குறைந்துபோவது. அதனால் இப்போது சில இடங்களில் மோட்டார் வைத்தும் நீரைச் சுழற்றுகிறார்கள்.

அடுத்த முறை மாணவர்களை அழைத்துப் போனால் ஃபவுண்டனோடு நிறுத்திவிடாமல் சரிவுக்கற்களையும் காட்டுங்கள். ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு நீர் இறங்கும் சாய்ந்த கற்பலகைக்கு 'சாதர்' என்று பெயர். அதன் மேல் மீன் செதில் போலவும் வளைகோடுகளாகவும் செதுக்கியிருப்பார்கள். வழவழப்பான கல்லில் நீர் கண்ணாடித் தாளாக வழுக்கிப் போய்விடும், கண்ணுக்கே தெரியாது. செதுக்கிய மேடுகளில் மோதும்போது காற்றைக் கலந்துகொண்டு வெள்ளையாக நுரைக்கிறது, ஓசையும் எழுகிறது. குறைந்த நீரைக் கொண்டு நிறைந்த அருவியைக் காட்டும் வித்தை அது. நிஷாத் நடுக்கால்வாயின் அகலம் சுமார் நான்கு மீட்டர், ஆழமோ சுமார் இருபது செ.மீ. மட்டுமே. அவ்வளவு கொஞ்ச நீர்தான் அந்தப் பேரோசையை எழுப்புகிறது.

ஷாலிமாரில் அருவிக்குப் பின்னுள்ள சுவரில் வரிசையாகச் சிறு மாடங்கள் இருக்கும். இவை 'சீனிகானா'. பகலில் பூச்சாடிகளும் இரவில் விளக்குகளும் வைப்பார்களாம். விழும் நீர்த்திரைக்குப் பின்னால் விளக்கு எரியும்படி செய்த ஏற்பாடு. இப்போது மாடங்கள் காலியாக இருப்பதால் பலர் அவற்றை வெறும் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. எந்தத் தோட்டத்தில் படிகள் குறைவு?
– வாசகி, திண்டுக்கல்

ஷாலிமார்தான் எளிது. மூன்று தளங்கள், இடையிடையே குறைந்த படிகள். ஆனால் நீளம் 587 மீட்டர். போய்த் திரும்ப ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். பாதி வழியில் சினார் நிழலில் உட்கார வைத்து, பிறகு கூட்டிப்போங்கள்.

நிஷாத்தில் கற்படிகள் உயரமானவை, பல இடங்களில் கைப்பிடி கிடையாது. அம்மாவை இரண்டாவது அல்லது மூன்றாவது தளத்தில் நிறுத்தி, அங்கிருந்தே மலையையும் ஏரியையும் பார்க்கச் செய்யலாம். அதுவே நல்ல காட்சி. சஷ்மே ஷாஹி மிகச் சிறியது, 108 மீட்டர் நீளம் மட்டுமே. சிறியது என்று நம்பிப் போகிறவர்கள் வாசலுக்கு ஏறும் செங்குத்துப் படிகளைப் பார்த்துத் திகைப்பார்கள். பரி மஹாலுக்கு வாசல் வரை வண்டி போகும். உள்ளே ஒரு தளத்தில் நின்றே ஏரி முழுவதையும் பார்த்துவிடலாம்.

அருவி ஓரக் கற்களில் பாசி பிடித்திருக்கும். முழங்கால் வலியைவிட இதுதான் ஆபத்து. தோல் அடிப்பாகம் உள்ள செருப்பு வேண்டாம், ரப்பர் பிடிப்புள்ள ஷூ போடச் சொல்லுங்கள். படிகளில் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும். ஏறும்போது இருக்கும் தெம்பை நம்பி உச்சிவரை போய்விட வேண்டாம்.

ஒரே நாளில் நான்கு தோட்டங்களையும் பார்க்க எந்த வரிசையில் போவது? டிரைவர் 'எல்லாம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும்' என்கிறார்.
– வாசகர், கோயம்புத்தூர்

மூன்று மணி நேரத்தில் நான்கு வாசல்களைப் பார்க்கலாம், தோட்டங்களைப் பார்க்க முடியாது. ஷாலிமாருக்கு இரண்டு மணி நேரம், நிஷாத்துக்கு இரண்டரை, சஷ்மே ஷாஹிக்கு முக்கால் மணி, பரி மஹாலுக்கு ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி பேசும்போதே 'முழு நாள்' என்று சொல்லிவிடுங்கள். 'லோக்கல் சைட்சீயிங்' என்று மட்டும் பேசினால் ஒவ்வொரு வாசலிலும் அரை மணி நேரம்தான் தருவார்கள்.

வரிசையை வெளிச்சம் தீர்மானிக்கட்டும். எல்லாத் தோட்டங்களும் ஏரிக்குக் கிழக்கே, மலையின் மேற்குச் சரிவில் இருக்கின்றன. சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து எழுவதால் காலையில் நேரம் கழித்துத்தான் வெயில் உள்ளே விழும். மலையை நோக்கிப் படமெடுத்தால் காலையில் எல்லாம் இருண்டு போகும். பிற்பகலில் வெயில் நேராகப் படித்தளங்களிலும் மலைமுகத்திலும் விழும். ஆகவே தொலைவில் உள்ள ஷாலிமாருக்குக் காலை ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். நிழலும் அமைதியும் உள்ள நேரம், சுற்றுலா வண்டிகள் வந்து குவிவதற்கு முன். மதிய உணவை முடித்துக்கொண்டு இரண்டு மணிக்கு மேல் நிஷாத். திரும்பும் வழியில் சஷ்மே ஷாஹி. அங்கிருந்து மேலே ஏறினால் பரி மஹால். சூரியன் ஏரிக்கு அப்பால் இறங்குவதை அங்கிருந்து பார்க்கலாம். மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். காலையிலேயே விடுதியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அஸ்தமனத்துக்கு முன்பே வெளியே அனுப்பிவிடுவார்கள். சஷ்மே ஷாஹி, பரி மஹால் போகும் சாலை துணைநிலை ஆளுநர் மாளிகைப் பக்கம் என்பதால் சோதனைச் சாவடி உண்டு. எல்லோரிடமும் அடையாள அட்டை இருக்கட்டும்.

ஞாயிறன்று உள்ளூர்க் குடும்பங்கள் பாயும் சமோவார் என்ற தேநீர்ப் பாத்திரமும் எடுத்துக்கொண்டு வந்து நாள் முழுவதும் தங்கும். அந்தக் கலகலப்பைப் பார்க்க விரும்பினால் அன்று போங்கள். தண்ணீரின் ஓசையைக் கேட்க வேண்டுமானால் வார நாள்.

வண்டி இல்லாதவர்கள் ஏரிக்கரைச் சாலையில் ஹார்வன் பக்கம் போகும் பேருந்தில் ஏறலாம். நிஷாத்தும் ஷாலிமாரும் வழியிலேயே வரும். இன்னொரு வழி ஷிகாரா. தால்கேட் பக்கத்திலிருந்து நிஷாத்துக்குப் படகில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், செலவும் கூடும். ஆனால் தோட்டத்தைக் கட்டியவர்கள் நினைத்த வழி அதுதான். தொலைவில் ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்து, நெருங்க நெருங்கத் தளம் தளமாகப் பிரியும். முடிந்தவர்கள் ஒரு பக்கமாவது படகில் போக வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வோம். படித்துறைகளில் அரசு நிர்ணயித்த கட்டணப் பலகை இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

நிஷாத் தோட்டத்துக்கு ஷாஜஹான் தண்ணீரை நிறுத்திவிட்டாராமே, உண்மையா?
– வாசகர், சிவகாசி

தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. தோட்டத்தைப் பார்த்து ஷாஜஹான் மூன்று முறை வியந்து பாராட்டினாராம். பேரரசர் வியந்தால் 'தங்களுக்கே' என்று கொடுத்துவிடுவது மரபு. மாமனார் ஆசஃப் கான் வாயே திறக்கவில்லை. கோபம்கொண்ட ஷாஜஹான் நீர்வரத்தை அடைக்க உத்தரவிட, தோட்டம் காய்ந்தது. மரத்தடியில் மனம் உடைந்து கிடந்த எஜமானரைப் பார்க்கப் பொறுக்காத ஒரு வேலையாள் அடைப்பைத் திறந்துவிட்டான். ஆசஃப் கான் பதறிப்போய் நிறுத்தச் சொன்னார். செய்தி அறிந்த பேரரசர் தண்டிக்காமல், அந்த விசுவாசத்தை மெச்சி நீர் உரிமையை எழுத்திலேயே கொடுத்தார் என்று கதை முடிகிறது.

இதில் எவ்வளவு நடந்தது என்பதைவிட, கதையின் அடியில் உள்ள உண்மை முக்கியம். ஓடையின் மடையைத் திறக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, தோட்டம் அவரிடம்தான் இருக்கிறது. காவிரிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சஷ்மே ஷாஹி நீர் வயிற்றுக்கு நல்லது என்கிறார்கள். பாட்டிலில் பிடித்துக் குடிக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

ஷாஜஹானுக்காக அலி மர்தான் கான் கட்டியது அந்தத் தோட்டம். உச்சியில் உள்ள மண்டபத்தில் சுனை ஊறுகிறது. செரிமானத்துக்கு நல்லது என்று உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நின்று பிடித்துப் போவார்கள். குடிப்பதானால் சுனை வெளிவரும் அந்த இடத்திலேயே பிடிக்க வேண்டும். கீழே கால்வாயிலும் தொட்டியிலும் ஓடுவதைத் தொடாதீர்கள், அதில் கை, கால் எல்லாம் நனைத்திருப்பார்கள். குழந்தைகளுக்கும் எளிதில் வயிறு கெடுகிறவர்களுக்கும் காய்ச்சிய நீரே போதும். மருந்தாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். நல்ல குளிர்ந்த நீர், அவ்வளவுதான்.

பரி மஹாலில் அருவியும் ஃபவுண்டனும் ஏன் இல்லை? பாழடைந்த கோட்டை போல இருக்கிறதே?
– வாசகர், புதுச்சேரி

பரி மஹால் உல்லாசத்துக்காகக் கட்டியது அல்ல. ஷாஜஹானின் மூத்த மகன் தாரா ஷுகோ பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் படிப்புக்கும் தன் சூஃபி குரு முல்லா ஷாவுக்குமாக எழுப்பியது. மலைமுகட்டின் விளிம்பில் நிற்பதால், மற்ற தோட்டங்களைப்போல் நடுவே பெருங்கால்வாய் ஓடவில்லை. நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியாகத் தளங்களில் இருந்த தொட்டிகளுக்குக் கொண்டுபோனார்கள். தளங்களைத் தாங்கும் வளைவுச் சுவர்களும் அறைகளுமே இங்கே பார்க்க வேண்டியவை. சஷ்மே ஷாஹியின் நீரோசையைக் கேட்டுவிட்டு உடனே இங்கே வந்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும்.

வேரிநாக், அச்சபல் இரண்டுக்கும் தனியாக ஒரு நாள் செலவிடுவது தகுமா?
– வாசகர், சேலம்

தகும். ஸ்ரீநகர் தோட்டங்கள் பிடித்துப்போனவர்களுக்கு நிச்சயமாகத் தகும். வேரிநாக், சினார் நிழலில் எளிமையாகக் கிடக்கும் பெரிய அதிசயம். ஜீலம் நதியின் தலைச்சுனை அது. ஒழுங்கற்ற குட்டையாக இருந்ததை 1620 வாக்கில் ஜஹாங்கீர் எண்கோணக் கல்தொட்டியாகக் கட்டினார். சுற்றிலும் வளைவு மாடங்கள். நீர் கருநீலப் பச்சை, ஆழம் தெரியாது, உள்ளே மீன்கள் கூட்டமாக நீந்தும். அங்கிருந்து புறப்படும் நேர்க்கால்வாயையும் தோட்டத்தையும் ஷாஜஹான் காலத்தில் அமைத்தார்கள். சுவரில் பாரசீகக் கல்வெட்டுகள் உண்டு. நீலநாகம் உறையும் சுனை என்று இந்துக்களும் வழிபடும் இடம். ஆகவே தொட்டியில் கால் நனைப்பதோ ரொட்டி போடுவதோ வேண்டாம்.

அச்சபல் நூர்ஜஹானோடு தொடர்புடையது. பிறகு ஷாஜஹானின் மகள் ஜஹானாரா புதுப்பித்தார். காட்டு மலையின் அடியிலிருந்து சுனை பீறிட்டு வருகிறது. மற்ற தோட்டங்களில் நீரை அழைத்து வர வேண்டும், இங்கே நீர் தானே வந்துவிடுகிறது. 1660களில் ஔரங்கசீப்போடு காஷ்மீர் வந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே இந்த நீரின் வேகத்தையும் பெருக்கையும் வியந்து எழுதியிருக்கிறார்.

ஸ்ரீநகரிலிருந்து வேரிநாக் சுமார் 80 கி.மீ. காலையில் நேராக அங்கே போய், திரும்பும்போது கோகர்நாக் வழியாக அச்சபல் வந்து, அனந்தநாக்கில் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். கோயில் பார்க்கிறவர்கள் மட்டன் என்ற ஊருக்குப் பக்கத்து மார்த்தாண்ட சூரியன் கோயில் இடிபாட்டையும், வழியில் அவந்திபோரா கோயில்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்தால் வேரிநாக்குக்கு இருபது நிமிடம்தான் மிஞ்சும். அப்படிச் செய்யாதீர்கள்.

2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்புக்காகப் பல சுற்றுலா இடங்களை மூடிப் படிப்படியாகத் திறந்தார்கள். தென்காஷ்மீர்த் தோட்டங்களும் அதில் அடக்கம். எனவே புறப்படுவதற்கு முந்தைய நாள் திறந்திருக்கிறதா என்று விடுதியிலோ சுற்றுலாத் துறை அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் புகைப்படக்காரர்கள் விடாமல் பின்தொடர்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். டிரோன் கொண்டு போகலாமா?
– புதுமணத் தம்பதி, மதுரை

காஷ்மீரி உடையும் நகையும் குடமும் கொடுத்துப் படமெடுப்பவர்கள் நிஷாத், ஷாலிமார் வாசலிலேயே இருப்பார்கள். விருப்பமிருந்தால் முன்னதாகவே மூன்று விஷயங்களைத் தெளிவாகப் பேசிவிடுங்கள்: உடை வாடகை எவ்வளவு, படம் ஒன்றுக்கு எவ்வளவு, எத்தனை படம் எடுப்பது. தகராறு வருவது மூன்றாவதில்தான். பத்துப் படம் என்று நினைத்திருப்பீர்கள், அறுபது எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் காசு கேட்பார்கள். பார்த்துத் தேர்ந்தெடுத்தவற்றுக்கு மட்டும் பணம் என்று முதலிலேயே சொல்லுங்கள். அச்சுப்படமா, போனுக்கு அனுப்புவதா என்பதும் முக்கியம். போனுக்கு வந்து சேர்ந்த பிறகு பணத்தை முடியுங்கள். வேண்டாம் என்றால் ஒருமுறை சிரித்துச் சொல்லி நடந்துவிடுங்கள், வற்புறுத்த மாட்டார்கள்.

டிரோன் வேண்டவே வேண்டாம். பாதுகாப்புக் கட்டுப்பாடு கடுமையான ஊர். பறிமுதலும் விசாரணையும் பயணத்தையே கெடுத்துவிடும். ராணுவச் சாவடிகளையும் படமெடுக்காதீர்கள். அருவியைப் பட்டுப்போல் எடுக்க விரும்பினால் முக்காலி இல்லாமலே நடைமேடைச் சுவரில் கேமராவை வைத்து அரை வினாடி வெளிச்சம் கொடுத்தால் போதும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகி, கும்பகோணம்

தால்கேட், ஏரிக்கரைச் சாலைப் பகுதிகளில் சைவ உணவகங்கள் தாராளமாக இருக்கின்றன. ஷாலிமார், நிஷாத் வாசலில் தேநீரும் சிற்றுண்டியும்தான், முழுச் சாப்பாட்டை அங்கே நம்ப வேண்டாம். தாமரைத்தண்டில் செய்யும் நத்ரு, ஹாக் கீரை, ராஜ்மா மூன்றையும் ருசி பாருங்கள். சோறு அவர்களுக்கும் அன்றாட உணவுதான். தேநீரில் இரண்டு வகை: குங்குமப்பூவும் பாதாமும் போட்ட கஹ்வா இனிப்பு, நூன் சாய் உப்பு. நூன் சாயின் இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்த்து ரோஸ்மில்க் என்று நினைத்துவிடாதீர்கள்.

தமிழ்நாட்டு சிம் வேலை செய்யுமா? ரயிலிலேயே ஸ்ரீநகர் வரை போக முடியுமா? விமான நிலையத்தில் எவ்வளவு முன்னதாக இருக்க வேண்டும்?
– வாசகர்கள், சென்னை, விழுப்புரம்

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு-காஷ்மீருக்குள் இயங்காது, போஸ்ட்பெய்டு இயங்கும். குடும்பத்தில் ஒருவராவது புறப்படும் முன் போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்வது நல்லது. விடுதி முகவரி, டிக்கெட், வரைபடம் ஆகியவற்றைப் போனில் சேமித்து வைத்துவிடுங்கள். சிறு தொகை ரொக்கமும் வேண்டும், நுழைவுச்சீட்டுக்கும் படகுக்கும் வாசல் கடைகளுக்கும் சில்லறை உதவும்.

ரயிலில் போகலாம். 2025 ஜூனில் கட்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் தொடங்கியது. செனாப் ஆற்றுக்கு மேலே 359 மீட்டர் உயரப் பாலத்தில் போகும் பாதை அது, பயணம் சுமார் மூன்று மணி நேரம். தொடங்கியபோது கட்ராவில் இறங்கி மாறித்தான் ஆக வேண்டியிருந்தது. தெற்கிலிருந்து வரும் நீண்டதூர ரயில் பல மணி நேரம் தாமதமாவது சகஜம் என்பதால், அதே நாளில் இணைப்பு ரயில் போடாமல் மாறும் ஊரில் ஓர் இரவு தங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் திரும்புவதானால் மூன்று மணி நேரம் முன்னதாக நிலைய வாயிலில் இருங்கள். முனையத்துக்கு வெகு முன்பே சாலையில் வண்டியை நிறுத்தி, எல்லாப் பெட்டிகளையும் இறக்கி ஸ்கேன் செய்வார்கள். உள்ளே மறுபடி சோதனை உண்டு. கடைசியில் கைப்பைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் நாட்களும் உண்டு. மருந்து, பவர்பேங்க், அடையாள அட்டை மூன்றையும் ஒரு சிறு பையில் தனியாக வைத்துக்கொண்டால் பெட்டியைப் பாதியில் திறக்க வேண்டியிருக்காது.